கூட வாற அக்கா

ஆஸ்பத்திரியிலோ நகரசபையிலோ நம்பர்ச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்துக் கதிரையில் என் கைப்பையை வைத்துவிடுகிறேன். யாராவது வந்து "இந்த இடம் யாருக்காவதா?" என்று கேட்கும்போதுதான் எனக்குப் புத்தி வரும். அசடு வழியப் பையைத் தூக்கி மடியில் வைப்பேன். அந்தக் கதிரை அக்காவினது. அவர் இத்தாலியையும் இந்தப் பலேர்மோவையும் விட்டு ஊரோடு போய்விட்டார், ஆனாலும் என் கை இன்னும் அவருக்கு இடம் பிடிக்கிறது. சனியன் பிடித்த பழக்கம்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் பிரயோசனமில்லை. பல்லரோச் சந்தைப் பக்கம் இருக்கிற எங்கள் சனத்திடம் பெயரைச் சொன்னால் "அது ஆர்?" என்பார்கள். "கூட வாற அக்கா" என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். யார் எங்கே போவதாக இருந்தாலும் அக்காவுக்கு மணந்துவிடும். படியில் செருப்பைப் போடும்போதே குரல் வரும்.

"எங்கை வெளிக்கிட்டாச்சு? தனியப் போகாதையும், நான் வாறன்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வென்றவர்கள் இல்லை. அவருடைய கறுப்புப் பையில் தண்ணீர்ப் போத்தல், கிறீம் கிறாக்கர், பனடோல், குடை, ஊசி, பேனை என்று ஒரு கடையே இருக்கும். உங்களிடம் இல்லாத உங்களுடைய பத்திரங்களின் போட்டோப் பிரதிகூட அதற்குள் இருக்கும். அது எப்படி அங்கே போனது என்று கேட்கக்கூடாது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர் சொல்லும் வசனம் ஒன்றுதான்.

"நீர் வாயைத் திறக்காதையும். நான் கதைக்கிறன்."

பிறகு கவுண்டரில் இருப்பவரிடம், "மியா சொரெல்லா" என்று என்னைக் காட்டுவார். என் சகோதரி. பலேர்மோவில் அக்காவுக்கு எத்தனை சகோதரிகள் என்று அந்த அலுவலர்கள் யாராவது யோசித்திருந்தால் தலை சுற்றியிருக்கும். ஒருமுறை ஒரு மலையாளிப் பெடியனையும் தம்பி என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்.

அவர் கதைப்பதில் ஒரு கரைச்சல் இருந்தது. எங்களுக்காகக் கதைக்கத் தொடங்கினால் எங்களையே மறந்துவிடுவார். எனக்கு ஒருமுறை வயிற்று நோ. டாக்டர் எங்கே நோகிறது என்று என்னைக் கேட்க, அக்கா தன் நெஞ்சில் கையை வைத்து, "இங்கே, இரவெல்லாம் நித்திரையில்லை" என்று உருகி உருகிச் சொன்னார். என்னைப் படுக்க வைத்து மார்பெல்லாம் வயர் ஒட்டி இதயத்தைப் பரிசோதித்தார்கள். வெளியே வந்து, "அக்கா, எனக்கு வயித்திலையெல்லோ நோ" என்றேன். "நெஞ்சையும் ஒருக்காப் பாத்தாச்செல்லோ. இனி வயித்துக்கு இன்னொரு நாள் வருவம்" என்றார். அவரோடு கோபப்படவும் முடியாது, தப்பவும் முடியாது.

மன்னார்க்காரப் பெண் ஒருத்தி பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதும் அக்கா விடவில்லை. அக்கா சைவம். நெற்றியில் திருநீறோடு மாதா கோயிலுக்குள் போய், அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, "சுவாமி, இவளுக்கு இத்தாலியன் வராது, பாவத்தை நான் சொல்கிறேன்" என்றிருக்கிறார். பாதிரியார் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாராம். "பாவம் அந்தப் பிள்ளை, உள்ளுக்கை தனிய என்ன செய்ததோ" என்று அக்கா நெடுநாள் கவலைப்பட்டார்.

பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில்தான் அவருக்கு வேலை. இப்படி ஊரெல்லாம் சுற்றினால் வேலை என்னாகும் என்று கேட்பீர்கள். சிஞ்ஞோராவையும் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்துவிடுவார். அந்த மனுசிக்கும் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எங்கள் அலுவல்கள் பிடித்திருந்தன. சக்கர நாற்காலியைக் கண்டதும் வரிசை வழிவிடும். அக்கா முன்னுக்கு, சிஞ்ஞோரா நடுவில், அலுவல்காரி நான் பின்னுக்கு.

"ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் இஞ்சை வந்த புதிசிலை மகளுக்குக் கடும் காய்ச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன். ஒரு சொல்லுத் தெரியாது. அவங்கள் கேக்கிறாங்கள், நான் முழிக்கிறன். பிள்ளையை ஒரு கதவுக்குள்ளாலை கொண்டு போயிட்டாங்கள். நான் வெளியிலை நிண்டன். உயிரோடை திருப்பித் தருவாங்களோ, என்னெண்டு கேக்கிறது எண்டும் தெரியாது. தனியப் போய் நிக்கிறது எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. அது ஒருத்தருக்கும் வேண்டாம்."

அந்த மகளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கழுத்தில் கயிறு கட்டித் திறப்பைத் தொங்கவிட்டபடி, பள்ளிக்கூடம் விட்டுத் தானாக வந்து, தானாகக் கதவைத் திறந்து, தானாகச் சாப்பிடும் பிள்ளை. அக்கா எங்களோடு எங்காவது வரிசையில் நிற்பார். "பிள்ளை எங்கை அக்கா?" என்றால், "அவள் கெட்டிக்காரி. தனிய இருப்பள்" என்பார். ஊரில் ஒருத்தரையும் தனியாக விடாத மனுசி அந்த ஒருத்தியை மட்டும் விட்டார். நாங்கள் யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. எங்களுக்கு எங்கள் அலுவல் முடிந்தால் சரி.

மகள் வளர்ந்து, இத்தாலியக் குடியுரிமையோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். அந்தக் காலத்தில் அப்படிப் போவது சுலபமாக இருந்தது. வடக்கே, பழைய பஞ்சாலைகள் இருக்கிற ஏதோ ஒரு பட்டினம். வயோதிபர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு வெள்ளைக்காரனைக் கட்டிவிட்டாள் என்றும், அவனுக்கு அது இரண்டாம் கல்யாணம், மூத்த தாரத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது என்றும் பிறகு மெல்ல மெல்லக் கதை கசிந்தது. அக்கா அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. யாராவது கேட்டால், "நல்லா இருக்கிறாள், நல்லா இருக்கிறாள்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, "உம்மடை பெர்மெசோ வந்திட்டுதோ?" என்று எங்கள் விசாவுக்குள் புகுந்துவிடுவார்.

இந்த இடத்தில் பட்டுச்சேலைக் கதையைச் சொல்ல வேண்டும். நான் அதை எத்தனையோ கொண்டாட்டங்களில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

எனக்கும் குடியுரிமை கிடைத்து, இத்தாலியப் பாஸ்போர்ட்டுக்காகக் குவெஸ்தூராவுக்குப் போகிற நாள். குவெஸ்தூரா என்றால் பொலிஸ் தலைமையகம். பாஸ்போர்ட்டும் அங்கேதான் எடுக்க வேண்டும். வெறும் கைரேகை அலுவல். முதல்நாளே அக்காவிடம், "இதுக்கு நீங்கள் வரத் தேவையில்லை, நான் போயிட்டு வாறன்" என்று சொல்லியிருந்தேன். அதிசயமாக, "ஓம், எனக்கும் நாளைக்கு ஒரு அலுவல் இருக்கு" என்றார். காலமை நான் வரிசையில் நிற்கிறேன், தெருவின் அந்தப் பக்கத்தால் அக்கா வருகிறார். அரக்கு நிறப் பட்டுச்சேலை, பச்சைக் கரை. தலையில் பூ. காதில் ஊரிலிருந்து கொண்டுவந்த தோடு. எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"என்னக்கா இது?"

"தனியப் போகாதையும் எண்டு எத்தினை தரம் சொல்லுறது" என்றார்.

வாசலில் நின்ற பொலிஸ்காரன், "யாருக்குக் கல்யாணம் சிஞ்ஞோரா?" என்று பகிடி விட்டான். அக்கா என்னைக் காட்டி, "இவளுக்குப் பாஸ்போர்ட். அது கல்யாணத்தைவிடப் பெரிசு" என்றார். வரிசையே சிரித்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது. எனக்காக ஒரு மனுசி பட்டுடுத்தி வந்திருக்கிறாளே!

அலுவல் கெதியாக முடிந்துவிட்டது. வெளிக்கிடுவம் என்றால் அக்கா எழும்பவில்லை. "கொஞ்சம் இருப்பம்" என்றார். நேரம் என்ன, நேரம் என்ன என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். கவுண்டர்களை மூடி எங்களை எழுப்பும்வரைக்கும் இருந்தோம். அக்காவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்து, ஒரு பின்னேரம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். நான் பகேரியாவில் வேலை முடித்து ரயிலில் வந்து அப்போதுதான் காலை நீட்டியிருந்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கைப்பையின் சிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"பிள்ளை, ஒருக்கா என்னோடை வாறீரோ?"

எத்தனையோ வருடப் பழக்கத்தில் அக்கா என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. "வாறன்" என்றுவிட்டேன். மகளிடம் போக வேண்டுமாம். வரட்டோ என்று கேட்டதற்கு, மகள் "வாங்கோ" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாளாம். "எனக்கு இங்கிலீசு தெரியாது, நீர் படிச்சனீர்" என்றார். நான் யாழ்ப்பாணத்தில் படித்த இங்கிலீசு பரீட்சைத் தாளைத் தாண்டி வெளியே வந்ததில்லை. என்றாலும் தலையாட்டினேன்.

அக்கா ஒரு சீலைப்பை நிறையச் சாமான் கட்டினார். தான் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, பயத்தம்பணியாரம், அந்த மனுசனின் பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி. "முதல் முதலாய் மகள் வீட்டுக்குப் போறன், வெறுங்கையோடை போறதே?" என்றார். அந்தப் பை விமானத்தில் அவர் மடியிலேயே இருந்தது.

மன்செஸ்டரில் இறங்கி ரயில் மாறிப் போனோம். இரண்டு பக்கமும் மழையில் நனைந்த பச்சை மலை, கருங்கல் மதில், செம்மறிகள். பிறகு திடீரென்று உயரமான செங்கல் புகைபோக்கிகள், உடைந்த கண்ணாடிகளோடு நெடுத்த ஆலைக் கட்டடங்கள். புகைபோக்கி ஒன்றிலும் புகை இல்லை. மகள் ஸ்டேஷனில் நின்றாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு, "எப்படி அன்ரி?" என்றாள். மெலிந்திருந்தாள், நல்ல வடிவாகவும் இருந்தாள்.

நாங்கள் சூட்கேசை இழுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனோம். கால்வாய்க் கரையோரம் ஒரு விடுதியின் வாசலில் நின்றாள்.

"இஞ்சை அறை எடுத்திருக்கிறன். வசதியா இருக்கும். காலமைச் சாப்பாடும் தருவினம்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சூட்கேசைப் பார்த்தேன். "நல்ல வடிவான இடம்" என்றார் அக்கா, மகளிடம்.

அங்கே நின்ற நாள்களில் மகள் வேலைக்கு லீவு போட்டு எங்களை எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு குறை சொல்ல ஏலாது. கால்வாயில் ஒடுங்கின நீளப் படகுகளைக் காட்டினாள். படகு மேட்டில் ஏறுவதற்காக மரக்கதவை மூடித் தண்ணீரை நிரப்புவதைக் காட்டினாள். கடையில் இருத்தித் தேத்தண்ணியும் பணிசும் ஜாமும் வாங்கித் தந்தாள். "குளிருதோ அம்மா? கால் நோகுதோ அம்மா?" என்று நொடிக்கொரு தரம் கேட்டாள். தன் வீட்டுக்கு வாங்கோ என்று மட்டும் சொல்லவில்லை. எங்கள் சனத்தில் வீட்டுக்குக் கூப்பிடாமல் தேத்தண்ணிக் கடையில் வைத்து உபசரித்தால் அதற்கு என்ன கருத்தென்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அக்காவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலமையும் அந்தச் சீலைப்பையைத் தூக்கிக்கொண்டுதான் வெளிக்கிட்டார். "இண்டைக்குக் கூப்பிடுவள்" என்று என்னிடம் மெல்லச் சொல்வார். படகு பார்க்கவும் மிளகாய்த்தூள் வந்தது, சந்தை பார்க்கவும் மிளகாய்த்தூள் வந்தது. "அதைத் தாங்கோ, நான் தூக்கிறன்" என்று மகள் ஒருமுறை கையை நீட்டினாள். "இது வீட்டிலை வைச்சுத் தாறது" என்று அக்கா பையை மற்றக் கைக்கு மாற்றினார். மகள் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு இரண்டு பேருடைய கன்னத்திலும் அறைய வேண்டும் போலிருந்தது.

ஒருநாள் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பட்டினம் முடிகிற இடத்தில் மலை தொடங்கிவிடும். காற்று ஆளைத் தூக்கியது. ஒரு வயலிலிருந்து மற்ற வயலுக்குப் போகக் கல்மதிலில் படி வைத்திருந்தார்கள். அக்கா சேலைக்கு மேலே கோட்டும் கையில் பையுமாக அந்தப் படியில் ஏறி, இறங்கத் தெரியாமல் மதில்மேல் நின்றார். மகள் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அக்கா அந்தக் கைகளைப் பிடித்து இறங்கினார். இறங்கின பிறகும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. கும்பிட்ட தெய்வமெல்லாம் கண் திறந்துவிட்டது என்று நினைத்து நான் செம்மறியைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றேன்.

உச்சியில் நின்று மகள் கீழே பட்டினத்தைக் காட்டினாள்.

"அந்தா, அந்தப் பெரிய சிமினிக்குக் கீழை பாலம் தெரியுதோ அம்மா? பாலத்தாலை இறங்கினால் முதல் வீதி. அதிலைதான் எங்கடை வீடு. பச்சைக் கதவு."

"எது பிள்ளை? புகை வாறதோ?"

"இல்லை, அதுக்குப் பக்கத்து வீடு."

அக்கா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே வரிசை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஓம், காணுறன். நல்ல வீடு" என்றார் அக்கா. அவருக்கும் பிடிபட்டிருக்காது. மகள் அடுத்த வசனத்தைச் சொல்வாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மழை வரப்போகுது, இறங்குவம்" என்றாள்.

கடைசி நாள், பின்னேர ரயிலுக்கு முன்னால், ஒரு பழைய பஞ்சாலைக்குள் போனோம். இப்போது அது அருங்காட்சியகம். நீல உடுப்புப் போட்ட ஒரு கிழவர் தறியை ஓட்டிக் காட்டினார். ஒரு தறிக்கே காது அடைத்தது. அந்தக் காலத்தில் அந்த மண்டபம் நிறையத் தறி ஓடுமாம், வேலை செய்த பெண்கள் ஒருத்தியின் உதட்டை ஒருத்தி பார்த்தே கதைத்துக்கொள்வார்களாம். அக்கா தறிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மகள் என் காதோடு வாயை வைத்தாள்.

"அன்ரி, அம்மா என்ரை கல்யாணத்தைப் பற்றி ஏதும் சொன்னவாவோ?"

"இல்லை. நீர் கட்டினது மட்டும்தான் தெரியும்."

"பலேர்மோவிலைதான் கட்டினனாங்கள். அம்மா வரோணும் எண்டுதான் அங்கை வைச்சன். வேறை ஒருத்தரும் வேண்டாம், நீங்கள் மட்டும் வாங்கோ எண்டு கேட்டன். காலமையும் ஃபோன் எடுத்தவா. சீலை உடுத்திட்டன், வெளிக்கிடுறன் எண்டவா. நான் நகரசபை வாசல்லை பாத்துக்கொண்டே நிண்டனான். எங்கடை முறை முடிஞ்சு, அடுத்த சோடியும் வந்திட்டுது. பேந்து பின்னேரம் சொல்லுறா, ஆரோ ஒரு ஆளோடை பாஸ்போர்ட் எடுக்கக் குவெஸ்தூராவுக்குப் போனவவாம். ஆரோ ஒரு ஆள், அன்ரி!"

நான் அவளை இன்னும் கிட்ட இழுத்தேன்.

"அம்மா என்ன சீலை உடுத்தவ?" என்று ஏன் கேட்டேனோ தெரியாது.

"தெரியாது. நான் காணேல்லையே."

"அரக்கு" என்றேன். "பச்சைக் கரை. தலையிலை பூவும் வைச்சிருந்தவ."

அவள் முகத்தை விலக்கி என்னைப் பார்த்தாள். நான் அவள் காதுக்குக் கிட்டப் போய், "அந்த ஆரோ ஒரு ஆள் நான்தான், பிள்ளை" என்றேன். தறி அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாஸ்போர்ட் கிடைச்சதோ?" என்றாள்.

"கிடைச்சது. அதிலைதான் இஞ்சை வந்திருக்கிறன்."

"நல்லது" என்றாள். உண்மையாகவே சொன்னாள்.

"வாறதுக்குத்தான் பிள்ளை வெளிக்கிட்டிருக்கிறா. கூட வர ஒருத்தரும் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் வெக்கம். வழியிலை கால் திரும்பியிட்டுது" என்றேன். யாரும் சொல்லாமலே எனக்கு அது அப்போது விளங்கியிருந்தது. எல்லாரையும் எல்லா வாசலுக்கும் கொண்டுபோன மனுசிக்கு, தன் பிள்ளையின் கல்யாண வாசலுக்குத் தன்னைக் கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. பட்டோடு வந்து என் வரிசையில் நின்றுவிட்டார். நான் அதை இவ்வளவு காலமும் பகிடியாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினாள்.

"நான் வீட்டுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை அன்ரி! ஆரையும் பிடிச்சுக்கொண்டு, ஆரின்ரையோ அலுவலுக்கு வாற மாதிரி வரவேண்டாம். எனக்கெண்டு வரட்டும். தனிய வரட்டும்!"

அந்தக் கடைசிச் சொல்லில் கிழவர் தறியை நிற்பாட்டிவிட்டார். "தனிய வரட்டும்" மண்டபம் முழுக்கக் கேட்டது. வெள்ளைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதன் கருத்து எங்களைத் தவிர அங்கே இன்னும் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் தறிக்கு அந்தப் பக்கம், பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

மகள் அங்கிருந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். விடுதியில் சூட்கேசுகளை எடுத்துக்கொண்டு நாங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பாலம் வந்ததும் அக்கா நின்றார்.

"ஒருக்காப் போயிட்டு வாறன்" என்றார்.

"போங்கோ அக்கா. நேரம் இருக்கு. நான் இதிலை நிக்கிறன்."

"கதவடி மட்டும் வாருமன்."

"தனிய எண்டவள், அக்கா."

"ஓமோம்" என்று தலையை ஆட்டினார். சேலைக் கொய்யகத்தைச் சரிப்படுத்தினார். கோட்டுப் பொத்தானைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். பிறகு நடந்தார். வீதி சரிவாக இறங்கியது. பச்சைக் கதவு எனக்குப் பாலத்திலிருந்தே தெரிந்தது. யன்னலில் வெளிச்சம் இருந்தது.

அக்கா கதவுக்கு முன்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார். கையால் தலைமயிரைத் தடவிக்கொண்டார். திரும்பத் தூக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, வாரும் என்று கையைக் காட்டினார்.

எனக்காகக் கதவு கதவாகத் தட்டின கை அது. நான் போயிருந்தால் ஒரு நிமிசத்தில் தட்டியிருப்பேன். ஆனால் நான் போனால் அது தனியாக வந்ததாகாது, போகாவிட்டால் அக்கா தட்டமாட்டார். நான் என்ன செய்ய? இல்லை என்று தலையை ஆட்டினேன். அதைவிடப் பாவம் ஒன்றை என் வாழ்க்கையில் செய்ததாக நினைவில்லை, ஆனால் அதைத் தவிர வேறெதையும் செய்திருக்கவும் முடியாது. அக்கா கதவுப் பக்கம் திரும்பினார். குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு ஏறி வந்தார்.

"ஒருத்தரும் இல்லைப் போலை" என்றார். "வேலையாக்கும்."

"தட்டிப் பாத்தனீங்களோ?"

"ஓமோம்."

ஸ்டேஷன் மேடையில் உட்கார்ந்த பிறகுதான் அவர் கைகளைக் கவனித்தேன். சீலைப்பை இல்லை. அந்த நேரத்தில் என் ஃபோன் அடித்தது. மகள்.

"அன்ரி, வாசல்லை பை இருக்கு. அம்மா வந்தவாவோ?"

நான் ஃபோனை அக்காவிடம் நீட்டினேன். "மகள். கதையுங்கோ அக்கா." அக்கா அதைத் தணலைப் பார்ப்பது போலப் பார்த்தார். என் கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

"நீர் கதையும், பிள்ளை."

"வந்தவா" என்றேன் ஃபோனில். "கதவடி மட்டும் வந்தவா."

வண்டி வருகிறது என்று மேடையில் அறிவித்தார்கள். பிறகு மகளின் குரல் வந்தது.

"நானும் உள்ளுக்கை கதவடியிலைதான் நிண்டனான், அன்ரி. கண்ணாடியிலை அம்மாவின்ரை நிழல் தெரிஞ்சது. தட்டுவா, தட்டுவா எண்டு நிண்டன். எனக்கும் திறக்க ஏலாமல் போச்சு. அம்மாட்டைச் சொல்லுங்கோ."

வண்டி வந்து நின்றது. அக்கா இரண்டு சூட்கேசையும் தானே தூக்கி ஏற்றி, "கெதியா ஏறும்" என்று என்னையும் கைபிடித்து இழுத்தார். எனக்கு யன்னலோரம் விட்டுவிட்டுத் தான் பக்கத்தில் இருந்தார். வண்டி நகர்ந்து, அந்தப் புகைபோக்கியும் பாலமும் ஒருமுறை தெரிந்து மறைந்தன.

"என்னவாம்?" என்றார்.

"அவளும் உள்ளுக்கை நிண்டவளாம் அக்கா. கதவுக்குப் பின்னாலை."

அக்கா என் கையைப் பிடித்தார்.

"தனியவோ நிண்டவள்?"

"ஓம் அக்கா" என்றேன். "தனியத்தான்."